இடைநடுவில் நின்றுபோகும் விளையாட்டு

‘கணினி பழுதாகிவிட்டது’ என்ற செய்தி ஒரு வீட்டில் எழுந்த மறுகணமே குற்றவாளி யார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. பிள்ளை அதில் விளையாடினான். விளையாட்டு இடைநடுவில் நின்றது. ஆகவே விளையாட்டுத்தான் கணினியைக் கெடுத்தது. பெற்றோரின் நியாயம் இவ்வளவே. பிள்ளையிடமோ வேறொரு தீர்ப்பு ஆயத்தமாக இருக்கிறது. கணினி பழையது, புதியது வாங்கித் தரவேண்டும் என்பது அது. இரு தரத்தாரும் விசாரணை நடத்தாமலே தீர்ப்பு வழங்குகின்றனர். அந்த விசாரணையை எவ்வாறு நடத்துவது என்பதை இவ்வாரம் கூற விரும்புகிறோம்.

இதற்குக் காரணமாக அமைந்தது நாயாற்றிலிருந்து எமக்கு வந்த ஒரு கடிதம். முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் வீதி அளம்பிலையும் செம்மலையையும் கடந்து நாயாற்றை அடைகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு; கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கடிதம் எழுதியவர் ஒரு தாயார். மகன் உயர்தர வகுப்பில் தொழினுட்பம் கற்கிறான். அவனுடைய படிப்புக்காக வேறொருவர் பாவித்த கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். பகலிற் பாடம், மாலையில் ஒரு மணி நேரம் காரோட்டப் போட்டி விளையாட்டு என்று ஒழுங்கு. ஆனால் விளையாட்டுத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கணினி நின்றுவிடுகிறது. பார்த்த கடைக்காரர் கிராபிக்ஸ் அட்டையை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு வேண்டிய பணம் வீட்டில் உண்டு. ஆயினும் அது வலை வாங்குவதற்கென்று எடுத்து வைத்த பணம். ‘நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா எண்டு அழுகிறான். அவனை நம்புறதோ, கடைக்காரரை நம்புறதோ தெரியேல்லை’ என்று அந்தத் தாயார் எழுதியிருந்தார்.

கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று. பிள்ளையின் சொல்லைப் பற்றியதும் ஆகும். ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்தல் தகும்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். வீட்டுக் கணினி செய்யும் வேலைகளில் மிகப் பாரமானது விளையாட்டேயாகும். கடிதம் தட்டச்சுச் செய்யும்போதும் பாடக் காணொளி பார்க்கும்போதும் கணினி தன் வலிமையிற் சிறு பங்கையே செலவிடுகிறது. விளையாட்டோ முறைவழியாக்கி, நினைவகம், கிராபிக்ஸ் அட்டை, வன்தட்டு, மின்வழங்கி ஆகிய எல்லா உறுப்புகளையும் ஒரே வேளையில் உழைக்கச் செய்கிறது. திரையில் ஒரு வினாடிக்கு அறுபது படங்கள் வரையப்படவேண்டுமாயின், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 17 மில்லி வினாடிகளே. வெறும் வண்டியாக ஓடும்போது நோகாத அச்சாணி, நெல் மூட்டைகளை ஏற்றிய பின்னரே முறிகிறது. முறிந்ததற்கு நெல்லைக் குறை கூறுவார் உளரோ? விளையாட்டுப் பழுதை உண்டாக்குவது அரிது. முன்னரே உள்ள பழுதை வெளிக்காட்டுவதே பெரும்பான்மை.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. கணினி சொல்லும் காரணம் எப்பொழுதும் மெய்க்காரணமாக இராது. இதற்கு அண்மைக்கால உலக வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு.

இன்டெல் நிறுவனம் தன் 13 ஆம் தலைமுறை முறைவழியாக்கிகளை 2022 ஒக்டோபரிலும், 14 ஆம் தலைமுறையை 2023 ஒக்டோபரிலும் விற்பனைக்கு விட்டது. அவற்றுள் விலை உயர்ந்தவையான கோர் ஐ9 வகைகளை வாங்கியோர் பலர், தங்கள் விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றுபோவதாக முறையிட்டனர். திரையிலே தோன்றிய அறிவித்தல் ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்பது. காட்சி நினைவகம் கிராபிக்ஸ் அட்டையில் இருப்பது. ஆகவே மக்கள் அட்டையைச் சந்தேகித்தனர். அதற்குரிய மென்பொருளை மாற்றினர். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினர். விளையாட்டை ஆக்கியோரைக் கடிந்தனர். பழுது நீங்கவில்லை.

மெய்க்காரணம் வேறிடத்தில் இருந்தது. விளையாட்டின் கோப்புகள் இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். விளையாட்டைத் திறக்கும்போது முறைவழியாக்கி அவற்றை விரிக்கவேண்டும். அக்கணக்கில் ஓர் எண் பிழைத்தாலும் விரிந்து வருவது பயனற்றதாகிவிடும். அந்த முறைவழியாக்கிகள் அவ்விடத்திலேதான் பிழைவிட்டன. சுருக்கி விரிக்கும் மென்பொருளை ஆக்கிய ராட் நிறுவனத்தார் 2024 இன் முற்பகுதியிலேயே, பிழை மென்பொருளில் இல்லை, வன்பொருளில் உள்ளது என்று சுட்டிக்காட்டினர். அவ்வாண்டு யூலையில் இன்டெல் நிறுவனம், தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் முறைவழியாக்கிக்குச் சென்றதே காரணம் என ஒப்புக்கொண்டது. ஓகஸ்ட் மாதத்தில் அதனைத் தடுக்கும் உள்நிரலை வெளியிட்டது. உத்தரவாத காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. செப்டெம்பரில் மேலும் ஒரு திருத்தம் வந்தது. ஆயினும் முன்னரே தேய்ந்துபோன முறைவழியாக்கியை உள்நிரலால் குணப்படுத்த இயலவில்லை. அதனை மாற்றியே ஆகவேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? அறிவித்தல் நோயின் பெயரன்று. வலி தெரியும் இடம் மாத்திரமே. பல்லில் நோய் இருக்கக் காதில் வலி தோன்றுவதில்லையா? அவ்வறிவித்தலை நம்பிப் புதிய கிராபிக்ஸ் அட்டை வாங்கியோர் தம் பணத்தை வீணே இழந்திருப்பர். 2022 இற்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டிலேயே 360 ரூபாவை எட்டிய எம் நாட்டில், வெளிநாட்டிலிருந்து வரும் பொருளொன்றைப் பிழையாக வாங்குவது சிறு நட்டமன்று.

இனி விசாரணைக்கு வருவோம். இதற்கு வேண்டிய முதற் கருவி திருகாணிச் சாவியன்று. ஒரு கொப்பியும் பேனையுமே. கணினி நின்ற ஒவ்வொரு முறையும் ஐந்து விடயங்களை எழுதவேண்டும். எந்நாள், எந்நேரம், விளையாட்டுத் தொடங்கி எத்தனை நிமிடத்தில், விளையாட்டின் எவ்விடத்தில், எவ்விதமாக நின்றது. ஒரு வாரம் இவ்வாறு எழுதினால் கண்ணுக்குப் புலப்படாத ஒழுங்கு ஒன்று தானே வெளிப்படும்.

எவ்விதமாக நின்றது என்பதே இவற்றுள் தலையாயது. நிற்றல் மூவகைப்படும்.

முதலாவது, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ள, கணினி வழமைபோல் இயங்குதல். இங்கே பெரும்பாலும் சந்தேகத்துக்குரியவை விளையாட்டின் கோப்புகள், கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள், அல்லது நினைவகம். இரண்டாவது, நீலத்திரை ஒன்று தோன்றிக் கணினி மீளத் தொடங்குதல். விண்டோஸ் 11 இல் 2025 முதல் இத்திரை கறுப்பாக மாற்றப்பட்டுள்ளது. இங்கே டிரைவரும் வன்பொருளும் சந்தேகத்துக்குரியவை. திரையில் வரும் குறியீட்டைக் கைபேசியாற் படம்பிடித்து வைத்தல் நன்று. மூன்றாவது, எவ்வித அறிவித்தலுமின்றி, மின்வெட்டு நேர்ந்தாற்போலக் கணினி முழுவதும் அணைந்துபோதல் அல்லது உடனே மீளத் தொடங்குதல். இங்கே வெப்பமும் மின்சாரமுமே முதற் சந்தேகத்துக்குரியவை.

கணினியும் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. விண்டோஸில் ‘ஈவன்ட் வியூவர்’ என்று தேடினால் அது திறக்கும். ‘ரிலையபிலிட்டி மொனிட்டர்’ என்பது அதனையே நாள்வாரியாகச் சித்திரம்போலக் காட்டும். அதில் 1000 என்ற இலக்கம் ஒரு மென்பொருள் முறிந்ததைக் குறிக்கும். 4101 என்பது காட்சி டிரைவர் பதிலிறுக்காமல் நின்று மீண்டதைக் குறிக்கும். 41 என்பது முறைப்படி அணைக்கப்படாமலே கணினி நின்று மீளத் தொடங்கியதைக் குறிக்கும். இறுதியிற் சொன்னது காரணத்தைக் கூறுவதில்லை. ஆயினும் கணினி முறைப்படி அணைக்கப்பட்டதா, இல்லையா என்ற வழக்கில் நல்ல சாட்சியாகும்.

கொப்பி நிறைந்த பின்னர் பரிகாரத்தைத் தொடங்கலாம். இங்கே இரு விதிகள் உண்டு. செலவில்லாததை முதலிற் செய்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மூன்று காரியங்களை ஒருங்கே செய்து பழுது நீங்கினால், எது மருந்து என்பது ஒருநாளும் தெரியவராது.

செலவில்லாதவற்றுள் முதலாவது, வேறொரு விளையாட்டை இயக்கிப் பார்த்தல். அது நிற்காமல் ஓடுமானால் முதல் விளையாட்டின் கோப்புகளே ஐயத்துக்குரியவை. ஸ்டீம் போன்ற தளங்களில் வாங்கிய விளையாட்டாயின், கோப்புகள் முழுமையாக உள்ளனவா எனச் சரிபார்க்கும் வசதி அங்கேயே உண்டு. கெட்ட கோப்பை மாத்திரம் அது மீளத் தருவிக்கும். கைக்குக் கை மாறிவந்த பூட்டுடைத்த பிரதியாயின் சரிபார்க்க வழியில்லை. அதனோடு கெடுதி செய்யும் நிரல்களும் வந்திருத்தல் கூடும். வன்தட்டில் வெற்றிடம் குறைந்திருந்தாலும் விளையாட்டு நிற்கும்; நினைவகம் நிரம்பும்போது கணினி வன்தட்டின் ஒரு பகுதியைக் கடனாகப் பெறுகிறது; கடன் கொடுக்க இடமில்லையெனில் வேலை முறிகிறது.

அடுத்தது டிரைவர். பழையதாயின் கிராபிக்ஸ் அட்டையை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதைப் பெறவேண்டும். புதியதை நிறுவிய நாளிலிருந்துதான் தொல்லை தொடங்கிற்று என்று கொப்பி காட்டுமாயின், பழையதற்கே மீளவேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இன்னும் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றதையும் மறத்தலாகாது.

மூன்றாவது வெப்பம். முறைவழியாக்கிகள் ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும். எல்லையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் அணைந்துவிடும். ஆகவே வெப்பத்தால் வரும் பழுது பெரும்பாலும் முன்னறிவித்தலோடு வருகிறது. மின்விசிறி இரையும், படம் தடக்கித் தடக்கி நகரும், அதன் பின்னரே நிற்கும். வெப்பத்தை அளந்து காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள.

கடற்கரை ஊர்களில் வெப்பத்துக்குத் துணையாக மற்றொரு பகைவனும் உண்டு. அது உப்பு. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள் கணினியின் உள்ளே தூசியோடு படிகிறது. காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது கறியுப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். அடுக்களையில் உப்புச் சிரட்டை கசிவது இதனாலேயே. அவ்வாறு கரைந்த உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும்; செப்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். வள்ளத்து இயந்திரத்தை உப்பு என்ன செய்கிறது என்பதை நாயாற்று மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்கும் அதுவே நேர்கிறது. ஆகவே கடலை நோக்கிய யன்னலருகே கணினியை வைத்தலாகாது. மாதம் ஒருமுறை மின்செருகியைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டவேண்டும். விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொண்டே ஊதவேண்டும். காற்றின் வேகத்தில் அது சுழன்று கெடாதிருப்பதற்காக.

நான்காவது நினைவகம். இரண்டு ராம் துண்டுகள் உள்ள கணினியில் ஒன்றைக் கழற்றி மற்றதோடு மட்டும் இயக்கிப் பார்க்கலாம். பின்னர் அதனை மாற்றிச் செய்யலாம். ஒரு துண்டோடு ஓடி மற்றதோடு நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். விண்டோஸிலேயே நினைவகச் சோதனை உண்டு. மெம்டெஸ்ட் 86 என்ற இலவசச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிடலாம். சில வேளைகளில் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மெல்லத் துடைத்து, மீண்டும் இறுகச் செருகுவதே போதுமானது. உப்புக் காற்று வீசும் ஊர்களில் இது அடிக்கடி பலிக்கிறது.

ஐந்தாவது மின்சாரம். எம் நாட்டு வீடுகளுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ற்று. மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டுக்கு அது குறைவின்றிக் கிடைக்கும். கம்பியின் கடைக்கோடியிலுள்ள வீட்டுக்கு வரும்போது, நீண்ட கம்பியின் தடையால் ஒரு பங்கு குறைந்துவிடும். ஊரெல்லாம் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் போடும் மாலை வேளையில் அக்குறைவு மேலும் பெருகும். வாய்க்காலின் தலைமடையில் உள்ளவர் பாய்ச்சிய பின்னர் கடைமடைக்கு வரும் நீர் போன்றது இது. நல்ல மின்வழங்கி 100 முதல் 240 வோல்ற்று வரை எதனையும் ஏற்று, உள்ளே தேவையான 12 வோல்ற்றை ஒழுங்காகக் கொடுக்கும். மலிவான பழைய மின்வழங்கிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிறு நகர்த்தி ஒன்று இருக்கும். இவற்றின் தாங்கும் எல்லை குறுகியது. பாடம் படிக்கும்போது அவை சமாளித்துக்கொள்ளும்; கிராபிக்ஸ் அட்டை திடீரென மிகுந்த மின்சாரத்தை இழுக்கும்போது கைவிட்டுவிடும்.

இவ்வைந்தையும் எழுதி நாயாற்றுக்கு அனுப்பினோம். தாயாருக்கு ஒரு வேண்டுகோளும் விடுத்தோம். ஒரு வாரம் வரை மகனை ஏசவும் வேண்டாம். கடைக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். கொப்பியை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்பதே அது.

மகன் எழுதிய குறிப்புகளின் பிரதி எமக்கு வந்தது. ஏழு நாளில் ஒன்பது முறை கணினி நின்றிருக்கிறது. ஒன்பதும் மூன்றாம் வகை, அறிவித்தல் ஏதுமில்லை, நாட்குறிப்பில் ஒன்பது முறையும் 41 என்ற இலக்கம். ஒன்பதும் மாலை ஆறரை மணிக்கும் இரவு ஒன்பதரை மணிக்கும் இடையிலே நிகழ்ந்தவை. வேறிரண்டு விளையாட்டுகளிலும் அதுவே நேர்ந்தது. சனிக்கிழமை நண்பகலில், தகரக் கூரை வெந்துகொண்டிருந்த வேளையில், சோதனைக்காக இரண்டு மணி நேரம் விளையாடியபோதோ ஒருமுறையேனும் நிற்கவில்லை. அப்போது முறைவழியாக்கியின் வெப்பம் 84 பாகை. மாலையில் நின்றபோது அது 78 பாகையே.

இக்குறிப்பை வாசிப்போர் எவருக்கும் வழி புலப்படும். வெப்பம் காரணமாயின் நண்பகலில் அன்றோ நின்றிருக்கவேண்டும்? கிராபிக்ஸ் அட்டை கெட்டிருப்பின் அது பகல் இரவு பார்த்துக் கெடுமோ? கடிகாரம் பார்த்து வரும் பழுது வெளியிலிருந்து வருவதாகவே இருத்தல் வேண்டும்.

ஆயினும் ஐயம் முடிவாகாது. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றும் சோதனையைச் செய்யும்படி சொன்னோம். கணினியை முல்லைத்தீவு நகரிலுள்ள சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுசென்று, அதே விளையாட்டை அதே மாலை வேளையில் இரண்டு நாட்கள் ஓட்டினான். மாறியது இடம் மாத்திரமே. இரு நாளும் நிற்கவில்லை. பின்னர் ஊரிலுள்ள மின்னிணைப்பாளர் ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்த செருகுதுளையிற் கருவி வைத்து அளந்தார். காலையில் 228 வோல்ற்று. மாலை ஏழரை மணிக்கு 184 வோல்ற்று. கணினியைத் திறந்தபோது அதன் மின்வழங்கி, நாம் முன்னே கூறிய நகர்த்தியுள்ள பழைய வகை என்பதும் தெரிந்தது. நண்பன் வீட்டுக் கணினியிலிருந்து 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்கும் மின்வழங்கியை ஓர் இரவுக்கு இரவலாகப் பெற்றுத் திருத்துநரைக் கொண்டு பூட்டினார்கள். அன்று மாலை நாயாற்றிலேயே விளையாட்டு இடையறாது ஓடிற்று.

கிராபிக்ஸ் அட்டையிற் குற்றமில்லை. மகனிடத்திலும் குற்றமில்லை. புதிய மின்வழங்கிக்கான செலவு, அந்த அட்டைக்குக் கேட்ட தொகையிற் சிறு பங்கே. வலைக்குரிய பணத்தில் வலையே வாங்கப்பட்டது. மகனுடைய கொப்பியிலிருந்த நேரங்களையும் மின்னிணைப்பாளர் அளந்த எண்களையும் ஒரு விண்ணப்பமாக எழுதி மின்சார அலுவலகத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். குறைந்த அழுத்தம் அந்த வீட்டுக்கு மட்டும் உரிய தொல்லையன்று. அயலவர் எட்டுப் பேர் அவ்விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனராம். வன்னியின் பெரும்பகுதி நெடுங்காலம் மின்சாரமின்றி இருந்து, 2009 இற் போர் ஓய்ந்த பின்னரே படிப்படியாகக் கம்பிகளைக் கண்டது. விளக்கு எரிந்தாற் போதும் என்று மக்கள் நிறைவடைந்த காலம் அது. இன்று பிள்ளைகளின் பாடம் அக்கம்பியின் வழியே வருகிறது. ஆகவே எரிகிறதா என்று மட்டுமன்றி, எவ்வளவு வருகிறது என்றும் கேட்கவேண்டும்.

விளையாட்டு நின்றதனால் இப்பழுது வெளிப்பட்டதை ஒரு நன்மையாகவே கொள்ளவேண்டும். திடீரென அணையும் கணினியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும். நாட்பட வன்தட்டும் கெடும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, பலர் இதனை நேரிற் கண்டனர். இம்மாணவனின் இரண்டு ஆண்டுக் குறிப்புகளும் செயற்றிட்ட அறிக்கையும் அந்த வன்தட்டிலேதான் இருந்தன. இப்பொழுது அவற்றை ஒரு பென்டிரைவிலும் பிரதி செய்து வைத்திருக்கிறான். பழுது எதுவாயினும் இக்காரியத்தை முதலிற் செய்தல் எல்லோர்க்கும் உரிய கடமை.

மாணவ நேயர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மின்வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். சுவர் மின்சாரத்தை அளக்கும் வேலையைத் தேர்ந்த மின்னிணைப்பாளரிடமே விடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விளையாட்டுக்கு நேரவரையறை வகுப்பது உங்கள் உரிமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘விளையாடாதே’ என்பதற்கு ‘நீ கெடுத்துவிட்டாய்’ என்பதைக் காரணமாகக் காட்டாதீர்கள். முன்னது ஒழுங்கு, பின்னது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்குச் சான்று வேண்டும். இன்டெல் போன்ற பெருநிறுவனமே தன் பொருளில் உள்ள குறையைக் கண்டறிந்து வெளியிட மாதக் கணக்காயிற்று. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரமும் ஒரு கொப்பியும் கொடுத்தல் பெரிதன்று.

அக்கொப்பியை அவன் எழுதும்போது கற்பது கணினித் திருத்தம் மட்டுமன்று. கவனித்தல், எழுதிவைத்தல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், சான்று வரும்வரை தீர்ப்பை நிறுத்திவைத்தல் என்பவை விஞ்ஞான பாடத்தின் முதல் அத்தியாயத்திலேயே உள்ளவை. அவற்றைப் பரீட்சைக்காக மனனம் செய்த பிள்ளை, தன் சொந்த வீட்டில் அவற்றால் ஒரு காரியம் நிறைவேறக் காண்பது அரிய வாய்ப்பு. உங்கள் வீட்டு விளையாட்டும் இடைநடுவில் நிற்குமாயின், கடைக்குச் செல்லுமுன் ஒரு வாரக் குறிப்பை எழுதுங்கள்.